செவ்வாய் பள்ளி... புதன் வீடு!

நாளைக் காலை அசெம்பிளியில் உங்கள் தலைமை ஆசிரியர் மைக்கைப் பிடித்து, "இனிமேல் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பள்ளிக்கு வந்தால் போதும். மற்ற மூன்று நாளும் வீட்டிலேயே இருங்கள்" என்று அறிவித்தால் எப்படி இருக்கும்?

"ஹையா!" என்று நீங்கள் கத்துகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை. "அந்த மூன்று நாளும் விடுமுறை கிடையாது. வீட்டில் பாடம் நடக்கும். டீச்சர் யார் தெரியுமா? உங்கள் அம்மா!"

சத்தம் திடீரென்று குறைந்துவிட்டதே, ஏன்?

இது சும்மா விளையாட்டுக்குச் சொன்னது இல்லை. நிஜமாகவே இப்படிப்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் டெக்சாஸ் என்று ஒரு பெரிய மாநிலம். அங்கே டல்லாஸ், போர்ட் வொர்த் என்ற இரண்டு நகரங்களுக்கு நடுவில் ஆர்லிங்டன் என்ற ஊர் இருக்கிறது. 1993ல் அந்த ஊரில் பெற்றோர் சிலர் சேர்ந்து 'கிரேஸ் பிரிபரேட்டரி அகாடமி' என்ற தனியார் பள்ளியைத் தொடங்கினார்கள். கிறிஸ்தவப் பள்ளி. பாதி நாள் பள்ளியில், பாதி நாள் வீட்டில் என்பதுதான் அதன் திட்டம். அதைப் பார்த்து வேறு ஊர்களிலும் இதே மாதிரி பள்ளிகள் முளைத்தன. இவற்றுக்கு 'யுனிவர்சிட்டி மாடல்' பள்ளிகள் என்று பெயர். அதாவது, பல்கலைக்கழகப் பாணிப் பள்ளி.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால அட்டவணை நம் பள்ளிக்கூட அட்டவணை மாதிரி இருக்காது. ஒரு பாடம் செவ்வாய், வியாழன் மட்டும் நடக்கும். இன்னொரு பாடம் திங்கள், புதன், வெள்ளி நடக்கும். வகுப்பு இல்லாத நேரத்தில் மாணவர்கள் நூலகத்திலோ, அறையிலோ உட்கார்ந்து தாங்களாகவே படிப்பார்கள். "பதினெட்டு வயதில் திடீரென்று 'நீயே படித்துக்கொள்' என்று விட்டால் பிள்ளைகள் திண்டாடுகிறார்களே... அந்தப் பழக்கத்தைச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தால் என்ன?" என்பதுதான் இந்தப் பள்ளிகளின் யோசனை.

சின்ன வகுப்புகளுக்குப் பெரும்பாலும் வாரத்தில் இரண்டு நாள் பள்ளி. வகுப்பு ஏற ஏற, பள்ளிக்குப் போகிற நாளும் ஏறும். அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஒரு புதன்கிழமைக்குப் போய்விட்டு வரலாமா?

மணி அடிக்காத நாள்

நீங்கள் ஆர்லிங்டனில் ஐந்தாம் வகுப்பு படிப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் 'சிக்ஸ் பிளாக்ஸ்' என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. 1961ல் திறந்தது. வானத்தைத் தொடுகிற மாதிரி ரோலர் கோஸ்டர் எல்லாம் உண்டு. ஆனால், இன்றைக்கு அங்கே போக முடியாது. இன்று புதன்கிழமை. வீட்டுப் பள்ளி நாள்.

நேற்று பள்ளியில் கணக்கு டீச்சர் பின்னங்களைக் கூட்டச் சொல்லிக் கொடுத்தார். பகுதி வேறு வேறாக இருக்கிற பின்னங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் எவ்வளவு? வகுப்பில் டீச்சர் போட்டுக் காட்டியபோது தண்ணீர் பட்ட பாடாகத்தான் இருந்தது. பையில் ஒரு தாளும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். புதன்கிழமை என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. கணக்கில் இத்தனை, கதைப் புத்தகத்தில் இந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், பத்து வார்த்தைகளை அம்மா சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அம்மாவுக்கும் தனிக் குறிப்பு உண்டு. 'பிள்ளை தானாகச் செய்யட்டும், நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள்' என்கிற மாதிரி.

மணி ஒன்பது. மணி அடிக்கவில்லை. யார் அடிப்பது? சாப்பாட்டு மேஜைதான் வகுப்பறை. தம்பி பக்கத்தில் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு நாய் வாலை ஆட்டுகிறது. நீங்கள் பென்சிலைச் சீவுகிறீர்கள். மறுபடியும் சீவுகிறீர்கள். பென்சில் பாதி காலி!

கடைசியில் எழுதுகிறீர்கள். அரை கூட்டல் மூன்றில் ஒன்று. மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. விடை, ஐந்தில் இரண்டு!

"தப்பு" என்கிறார் அம்மா.

"டீச்சர் இப்படித்தான் சொன்னாங்க!"

"இப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. அரையே ஐந்தில் இரண்டை விடப் பெரிசு. கூட்டின பிறகு எப்படிச் சின்னதாகும்?"

"உங்களுக்குத் தெரியாது!"

பார்த்தீர்களா? பள்ளியில் டீச்சரிடம் இப்படிப் பேசுவோமா? "மிஸ், புரியலை" என்று பவ்யமாகக் கையைத் தூக்குவோம். அதே கணக்கை அம்மா சொல்லிக் கொடுத்தால் மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. இது ஆர்லிங்டனில் மட்டும் இல்லை, ஆண்டிப்பட்டியிலும் இப்படித்தான். வீட்டுப் பாடம் செய்யும்போது அம்மாவோடு சண்டை போடாத பிள்ளை யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். எழுதுகிற நானும் தூக்க மாட்டேன்.

வீட்டுப் பள்ளி நாளில் இன்னொரு சங்கடமும் உண்டு. பள்ளியில் டீச்சரிடம் திட்டு வாங்கினால், மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வந்துவிடலாம். இங்கே திட்டிய டீச்சரே மத்தியானம் சாப்பாடும் போடுகிறார். எங்கே ஓடுவது?

அம்மா அலமாரியைத் திறந்து ஒரு சாக்லேட்டை எடுக்கிறார். ஆறு கட்டங்கள் உள்ள சாக்லேட். "இதில் பாதி எத்தனை கட்டம்?" மூன்று. "மூன்றில் ஒரு பங்கு?" இரண்டு. "ரெண்டையும் சேர்த்தால்?" ஐந்து கட்டம். ஆறு கட்டத்தில் ஐந்து. ஆறில் ஐந்து!

அட! டீச்சர் நேற்று 'பொதுவான பகுதி' என்று சொன்னது இந்த ஆறைத்தானா?

அம்மாவுக்கு 'பொதுவான பகுதி' என்ற வார்த்தை மறந்தே போயிருக்கலாம். ஆனால், உங்களுக்கு எது புரியவில்லை என்பது அவருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. முப்பது, நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் டீச்சருக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியாது. அது டீச்சரின் தப்பும் இல்லை.

அடுத்த கணக்கு அம்மாவுக்கே பிடிபடவில்லை என்று வையுங்கள். அப்போது? அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துவிடலாம். நாளை வியாழன். டீச்சரிடம் கேட்டுக்கொள்ளலாம். இந்தக் கேள்விக்குறியை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

தாளில் உள்ள வேலை இரண்டு மணி நேரத்திலும் முடியலாம், சாயங்காலம் வரைக்கும் இழுக்கவும் செய்யலாம். பென்சில் சீவுவதைப் பொறுத்தது! சீக்கிரம் முடித்தவர்களுக்கு மீதி நாள் சொந்தம். மரம் ஏறலாம், பியானோ வாசிக்கலாம், தம்பியின் காரைப் பிரித்துப் போடலாம்.

சின்ன வகுப்பில் அம்மாவோ அப்பாவோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஏழு, எட்டு வகுப்புகளில் தள்ளி உட்கார்ந்து எட்டிப் பார்ப்பார்கள். உயர்நிலை வகுப்புக்கு வந்துவிட்டால், "முடித்துவிட்டாயா?" என்று கேட்பதோடு சரி. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அப்பா முதலில் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி வருவார். பிறகு எப்போது கையை விட்டார் என்றே நமக்குத் தெரியாது இல்லையா? அதைப் போல.

அம்மா மேல் கேஸா?

இதில் கோர்ட்டு, கேஸ் எல்லாம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? வந்தது. ஒரு காலத்தில் டெக்சாஸ் மாநிலத்தில் பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்த அம்மா, அப்பாக்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள்.

பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்குப் போக வேண்டும் என்று டெக்சாஸில் 1915ல் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். அந்தக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் படிக்காமல் பருத்திக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அரசுப் பள்ளிக்குப் போகாமல் தனியார் பள்ளிக்குப் போனாலும் சரி என்று சட்டம் சொன்னது. பல வருடங்கள் கழித்து ஒரு சிக்கல் கிளம்பியது. வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தால் அதுவும் ஒரு தனியார் பள்ளிதானே என்றார்கள் சில பெற்றோர். இல்லவே இல்லை என்றார்கள் மாநிலக் கல்வித் துறை அதிகாரிகள். 1980களில் பல குடும்பங்கள் மீது வழக்குப் போட்டார்கள். 'பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை' என்று.

பெற்றோர்களும் விடவில்லை. 1985ல் அவர்கள் திருப்பி ஒரு வழக்குப் போட்டார்கள். லீப்பர் என்ற குடும்பத்தின் பெயர் அதில் முதலில் இருந்ததால் அது லீப்பர் வழக்கு. எதிர்த் தரப்பில் யார் பெயர் தெரியுமா? ஆர்லிங்டன் பள்ளி மாவட்டம். ஆமாம், நீங்கள் சற்றுமுன் சாக்லேட்டை உடைத்துக் கணக்குப் போட்ட அதே ஊர்தான்!

1987ல் கீழ்க் கோர்ட்டில் பெற்றோர் ஜெயித்தார்கள். அதை எதிர்த்து மேல்முறையீடு. கடைசியாக 1994ல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றமும் பெற்றோர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. வீட்டில் நடப்பதும் தனியார் பள்ளிதான். ஆனால், உண்மையாகவே பாடம் நடக்க வேண்டும். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனாக இருப்பது எப்படி என்ற பாடம், இவை கட்டாயம்.

பட்டியலைத் திரும்பப் படியுங்கள். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? அறிவியல் இல்லை! அறிவியல் பிடிக்காதவர்கள் இப்போதே டெக்சாஸுக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான பெற்றோர் அதையும் சேர்த்தேதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால், சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது நிஜம்.

வழக்குப் போட்ட அதிகாரிகள் எல்லாரும் வில்லன்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் கேட்ட கேள்வி முக்கியமானது. ஒரு வீட்டுக்குள் பிள்ளை படிக்கிறதா, சும்மா இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று வெளியே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் வகுப்பில் ஒரு பையன் நான்கு நாள் வரவில்லை என்றால் டீச்சர் விசாரிப்பார். ஒருவன் சாப்பிடாமல் வந்தால், கையில் காயத்தோடு வந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நீங்கள் பார்த்துவிடுவீர்கள். முழுக்க முழுக்க வீட்டிலேயே இருக்கிற பிள்ளையை யார் பார்ப்பார்கள்? அம்மா, அப்பா நல்லவர்களாக, பொறுமைசாலிகளாக இருந்தால் சரி. எல்லா வீடும் அப்படியா?

இரண்டு நாள் பள்ளி, மூன்று நாள் வீடு என்ற ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை டீச்சர் உங்களைப் பார்க்கிறார். புதன்கிழமை அம்மா பார்க்கிறார். வியாழக்கிழமை மறுபடியும் டீச்சர். அம்மா பாடத்தைக் கோட்டைவிட்டால் டீச்சருக்குத் தெரிந்துவிடும். டீச்சர் அவசரமாக நடத்திவிட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் கோட்டைவிட்டால்? இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்! தப்பிக்கவே முடியாது.

யாருக்கு முடியும்?

சரி, இவ்வளவு நன்றாக இருக்கிறதே, எல்லாரும் ஏன் இப்படிப் படிக்கவில்லை?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளி வாரத்தில் சில நாள்தான் நடக்கிறது. அதனால் முழு நேரத் தனியார் பள்ளியை விடப் பொதுவாகக் கட்டணம் குறைவு. இது வரவு. ஆனால், மூன்று நாளும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அவர் வேலைக்குப் போக முடியாது. அல்லது, பாதி நேர வேலைதான் பார்க்க முடியும். அந்தச் சம்பளம் போய்விடும். இது செலவு. அம்மாவும் அப்பாவும் காலையில் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டில் இந்தத் திட்டம் நடக்காது. அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். அம்மா மட்டும் இருக்கிற வீடு, தாத்தா பாட்டியிடம் வளர்கிற பிள்ளை, ஆங்கிலம் சரியாகத் தெரியாத பெற்றோர்... இவர்களுக்கெல்லாம் தினமும் மணி அடிக்கிற, மஞ்சள் பஸ் வந்து கூட்டிப் போகிற அரசுப் பள்ளிதான் கை கொடுக்கிறது. மத்தியானச் சாப்பாடும் அங்கேதான்.

உங்களுக்கு இது நன்றாகவே புரியும். கொரோனாவுக்காக 2020 மார்ச் மாதம் நம் பள்ளிகளை மூடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? உங்களில் பெரியவர்கள் அப்போது இரண்டாம், மூன்றாம் வகுப்பு படித்திருப்பீர்கள். குட்டிப் பிள்ளைகளுக்கு அண்ணனும் அக்காவும் சொல்லித்தான் தெரியும். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திரும்பத் திறந்தது 2021 நவம்பரில்தான். ஒன்றரை வருடத்துக்கும் மேல்! சில வீடுகளில் ஆளுக்கொரு போன். சில வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு அப்பாவின் ஒரே போன், அதுவும் அவர் ராத்திரி வீடு திரும்பிய பிறகு. சில வீடுகளில் அதுவும் இல்லை, கல்வித் தொலைக்காட்சிதான். எழுத்தே மறந்துபோன பிள்ளைகளுக்காக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று சாயங்கால வகுப்புகளைத் தொடங்க வேண்டியிருந்தது. டெக்சாஸ் பெற்றோர் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள், திட்டம் போட்டார்கள், தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை, கதவு சாத்திக்கொண்டது. அதனால் 'வீட்டில் படிப்பது' என்றாலே சிலருக்கு இன்னும் கசக்கிறது.

"உங்க டீமில் ஆடலாமா?"

"நண்பர்கள் இல்லாமல் போரடிக்காதா?" நியாயமான கேள்வி. பாதி நாள் பள்ளியில் அந்தக் குறை கொஞ்சம் குறைவு. வாரத்தில் இரண்டு நாளாவது சண்டை போடவும் சமாதானம் ஆகவும் ஆள் கிடைக்கும். முழுக்க வீட்டில் படிக்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். அதிலும் விளையாட்டில். தனியாகக் கணக்குப் போடலாம், தனியாகக் கபடி ஆட முடியுமா?

டிம் டீபோ என்ற பையனுக்கு இந்தப் பிரச்னை வந்தது. புளோரிடா மாநிலத்தில் வளர்ந்தவர். படிப்பு முழுக்க வீட்டில், அம்மாவிடம். ஆனால், அவருக்கு அமெரிக்கக் கால்பந்து என்றால் உயிர். (நம்ம ஊர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.) வீட்டில் படிக்கிற பிள்ளைகளும் அரசுப் பள்ளி அணியில் சேர்ந்து ஆடலாம் என்று புளோரிடாவில் 1996ல் சட்டம் வந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு டீபோ, நீஸ் உயர்நிலைப் பள்ளி அணியில் சேர்ந்தார். படிப்பு வீட்டில், பந்து பள்ளியில்! 2007ல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பை அவர் கைக்கு வந்தது.

டெக்சாஸில் இந்தக் கதவு திறக்க 2021 ஆனது. பள்ளி விரும்பினால் வீட்டில் படிக்கிற பிள்ளைகளையும் போட்டிகளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர், 'டிம் டீபோ சட்டம்'.

அதே 2021ல் இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில் ஜைலா அவான்ட்கார்ட் என்ற 14 வயது பெண் ஜெயித்தார். லூசியானா மாநிலம். வீட்டில் படித்தவர். ஒரே நேரத்தில் பல கூடைப்பந்துகளைத் தட்டி கின்னஸ் சாதனையும் செய்திருக்கிறார். கடைசியாக அவர் எழுத்துக்கூட்டிச் சொன்ன வார்த்தை 'முர்ராயா'. அது என்ன என்கிறீர்களா? ஒரு தாவரப் பேரினத்தின் பெயர். நம் வீட்டு ரசத்தில் மிதக்கிறதே கறிவேப்பிலை, அதைத் தாவரவியல் புத்தகங்களில் பல காலம் 'முர்ராயா' என்றுதான் எழுதிவந்தார்கள். நாம் தட்டில் ஒதுக்கி வைக்கிற இலை, ஜைலாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டது!

இதற்காக வீட்டில் படித்தால் எல்லாரும் சாம்பியன் ஆகிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளியில் படித்துச் சாம்பியன் ஆனவர்கள்தான் அதிகம்.

நாட்டுக்கு நாடு

ஜெர்மனியில் போய் இதைச் சொன்னால் முறைப்பார்கள். அங்கே பிள்ளைகள் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். வீட்டில் சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. பல விதமான பிள்ளைகளோடு பழகுவதும் படிப்பின் ஒரு பகுதி என்று ஜெர்மனி வாதாடியது. 2006ல் நீதிமன்றம் ஜெர்மனி பக்கமே நின்றது. ஒரே கேள்விக்கு டெக்சாஸில் ஒரு பதில், ஜெர்மனியில் வேறு பதில்!

நம் நாட்டில்? 2009ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்திலேயே பள்ளி, கட்டணம் இல்லாமல். அது உங்கள் உரிமை. பாதி நாள் பள்ளி என்ற ஏற்பாடு இங்கே பரவலாக இல்லை. ஆனால், தினமும் பள்ளிக்குப் போக முடியாதவர்களுக்காக மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 1989ல் தொடங்கியது. வீட்டில் புத்தகம் படித்து, சில நாட்கள் மட்டும் படிப்பு மையத்துக்குப் போய்ச் சந்தேகம் கேட்டு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். நாட்டியம், செஸ், நீச்சல் என்று ஊர் ஊராகச் சுற்றுகிற பிள்ளைகளுக்கு இது வசதி. வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் படிப்பை விட்ட அக்கா, அண்ணன்களுக்கும்தான். உங்கள் வீட்டுப் பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

சரி, ஆர்லிங்டனில் உங்களை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமே!

புதன்கிழமை ராத்திரி. தாளில் எல்லா வேலைக்கும் பக்கத்தில் டிக் விழுந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அம்மாவுக்கும் தெரியாத அந்த ஒரு கணக்கு. பக்கத்தில் கேள்விக்குறி. நோட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுக்கிறீர்கள்.

வியாழன் காலை. டீச்சர் போர்டுக்குப் பக்கத்தில் நின்று, "யாருக்கெல்லாம் எந்தக் கணக்கில் கேள்விக்குறி?" என்று கேட்கிறார். நீங்கள் தயங்கிக்கொண்டே கையைத் தூக்கி, திரும்பிப் பார்க்கிறீர்கள். வகுப்பில் பாதிப் பேர் கை மேலே இருக்கிறது. அதே கணக்கு!

டீச்சர் சிரித்துக்கொண்டே பையைத் திறந்து ஒரு சாக்லேட்டை எடுக்கிறார். இந்த முறை பன்னிரண்டு கட்டம்.